பிளஸ் டூ பிள்ளைகளிடம் சமூகவியலை எடுத்துச் செல்வது

பள்ளிகளுக்குப் போய்க் கல்லூரிப் படிப்புகளை அறிமுகம் செய்கிற வேலை எங்கள் கல்லூரியில் துறைக்கு ஒருவர் தலையில் விழும். சமூகவியல் துறையில் அது பல வருடங்களாக என் பொறுப்பு. டெல்டா பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி. வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள். வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆட்கள். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளிக்கே போய்ப் பேசுவோம். பொதுத்தேர்வு முடிந்ததும் அரசின் கல்லூரிக் கனவு மாதிரியான உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் துறைக்கு ஒரு மேஜை போட்டு உட்காருவோம். அப்புறம் ரிசல்ட் வந்த வாரத்தில் கல்லூரி வாசலிலேயே பேச்சு நடக்கும்.

வணிகவியல் துறைக்காரருக்கும் கணிதத் துறைக்காரருக்கும் இல்லாத ஒரு சங்கடம் எங்களுக்கு உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் சமூகவியல் என்றொரு பாடம் கிடையாது. சிபிஎஸ்இ-யில் இருக்கிறது, ஆனால் அங்கே அதைப் படித்துவிட்டு எங்கள் மேஜைக்கு வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதனால் வணிகவியல் ஆசிரியர் "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று ஆரம்பிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எதிரே இருக்கும் பிள்ளை இதைச் சமூக சேவைப் படிப்பு என்று நினைத்திருக்கும், அல்லது பத்தாம் வகுப்பில் படித்த வரலாறு, புவியியலின் தொடர்ச்சி என்று நினைத்திருக்கும். பாதிப் பேர் எதுவுமே நினைத்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பல துறைகள் வைத்திருக்கும் மருந்து ஒரு பிபிடி. முதல் ஸ்லைடில் ஒகுஸ்த் கோம்த் படம், 1838, சமூகவியலின் தந்தை. இரண்டாவதில் நான்கு அறிஞர்களின் நான்கு வரையறைகள். மூன்றாவதில் "வேலைவாய்ப்புகள்" என்று இருபது வரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபேன் ஓடாத ஹாலில், இதைக் கேட்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொட்டாவிதான் வரும். வரையறை என்பது படித்து முடித்தவருக்குப் பயன்படும் சமாச்சாரம். படிக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் எடுத்துப் போவது ஒரு கல்யாணப் பத்திரிகை. வீட்டில் கிடக்கும் பழைய பத்திரிகைதான். போன் நம்பர், முகவரி, ஆட்களின் பெயர் எல்லாம் மறைத்து அல்லது மாற்றி, ஜெராக்ஸ் எடுத்து, பெஞ்சுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். கேள்வி ஒன்றுதான்: "இந்த ரெண்டு குடும்பத்தையும் உங்களுக்குத் தெரியாது. இந்தத் தாளை மட்டும் வச்சுக்கிட்டு அவங்களைப் பத்தி என்னென்ன சொல்ல முடியும்?"

முதல் இரண்டு நிமிஷம் சிரிப்பு. அப்புறம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். மாப்பிள்ளை பி.இ., சிங்கப்பூரில் வேலை. சரி. பெண் எம்.எஸ்ஸி., பி.எட். ஒரு தடவை பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பொண்ணுதான் மேடம் அதிகம் படிச்சிருக்கு. ஆனா என்ன வேலைன்னு போடலையே" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அவளுக்கு முன் பெஞ்சுப் பையன் திரும்பி, "வேலை இல்லைன்னா எப்படிப் போடுவாங்க" என்றான். "கிடைக்கலையா, போகக் கூடாதுன்னுட்டாங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்த இருவருக்கும் நடுவில் நடந்தது எங்கள் மூன்றாம் வருடத்துப் பாடத்தாள் ஒன்றின் முதல் அலகு.

பத்திரிகையில் பார்க்கப் பார்க்க விஷயம் வந்துகொண்டே இருக்கும். அழைக்கிறவர் பெயர் யாருடையது? அம்மா பெயர் தனியாக இருக்கிறதா, இல்லை கணவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? தாத்தா பாட்டியில் எந்தப் பக்கத்துத் தாத்தா முதலில் வருகிறார்? தாய்மாமனுக்கு மட்டும் ஏன் தனிக் கட்டம்? சித்தப்பா ஒருவரின் பெயருக்குக் கீழே "முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்" என்று இருக்கும். பதவி போய்ப் பத்து வருடம் ஆகியும் அது ஏன் பத்திரிகையில் வருகிறது என்று கேட்டால் ஹாலே சிரிக்கும். ஏனென்றால் அப்படி ஒரு சித்தப்பா அநேகமாக எல்லார் வீட்டிலும் இருப்பார்.

யாராவது ஒருவர் சொல்லும் வரை நான் காத்திருக்கும் வரி இன்னொன்று உண்டு: "சாதி எங்கேயும் போடலை மேடம்." தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாமல் இருப்பது நமக்கு இவ்வளவு சாதாரணமாகிவிட்டது; ஆனால் அது தானாக நடந்ததில்லை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது அண்ணா ஆட்சியில் வந்த 1967-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம். இதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வி: "பட்டம் இல்லை. ஆனா உங்க ஊர்ல ஒருத்தர் இந்தப் பத்திரிகையைப் பார்த்தா, எந்த ஆட்கள்னு கண்டுபிடிச்சிடுவாரா, மாட்டாரா?" கண்டுபிடித்துவிடுவார் என்று அத்தனை பேரும் சொல்வார்கள். மேலே "துணை" என்று போட்டிருக்கும் குலதெய்வம், பூர்வீக ஊர், சம்பந்தக்காரர்களின் ஊர்கள் எல்லாம் போதும். எழுதாமலே தெரிகிற ஒன்று எப்படித் தெரிகிறது, அது தெரிவதால் யாருக்கு என்ன ஆகிறது? சமூகவியலாளர்களான எம்.என். சீனிவாஸ் கர்நாடகக் கிராமத்திலும், ஆந்த்ரே பெத்தேய் நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். பெத்தேய் தன் 1965-ம் ஆண்டு நூலில் அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்தார். ஆய்வில் ஊர்ப் பெயரை ஏன் மறைக்கிறார்கள் என்பதைப் பத்திரிகையில் நான் பெயர்களை மறைத்ததோடு சேர்த்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும், இதைச் செய்து பார்க்க நினைக்கிற மற்ற ஆசிரியர்களுக்காகவே சொல்கிறேன். சாதியைப் பற்றிப் பேசலாம். எந்தப் பிள்ளையின் சாதியும் அந்த அறையில் வெளியே வரக்கூடாது. "உங்க வீட்டுல எப்படி?" என்று ஒருபோதும் கேட்பதில்லை. கேள்வி எப்போதும் தாளில் இருக்கும் முகம் தெரியாத குடும்பத்தைப் பற்றியே. பத்திரிகையைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்வதும் கூடாது. கொண்டுவந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு பள்ளிகளில் இந்தப் பேச்சுக்கே தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள், அதில் தப்பும் இல்லை. நான் முன்கூட்டியே போய் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, வகுப்பாசிரியரையும் உள்ளே உட்கார வைத்துக்கொள்வேன். அப்படியும் ஒரு பையன் கையில் கட்டிய கலர் கயிறைக் காட்டி, "இதுவும் சமூகவியலா மேடம்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கயிறு எதைக் குறிக்கிறது என்று நான் கேட்கவில்லை. பள்ளிகளில் கயிறு எப்போதிலிருந்து, ஏன் வந்தது என்பது ஒரு ஆய்வுத் தலைப்பு என்று மட்டும் சொன்னேன்.

முக்கால் மணி நேரத்தில் முப்பது நிமிஷம் பத்திரிகைக்கே போய்விடும். போகட்டும். கடைசிப் பகுதியில்தான் வரப்போகும் பாடங்களைச் சொல்வேன். கரும்பலகையின் இடதுபக்கம் அவர்கள் சொன்னது, வலதுபக்கம் அது எந்தத் தாளில் வரும் என்பது. தாய்மாமன் கட்டம், தாத்தா பாட்டி வரிசை எல்லாம் முதல் வருடத்து அறிமுகத் தாளில் குடும்பம், உறவுமுறை என்று வரும். சாதி, குலதெய்வம், ஊர் மூன்றும் இந்தியச் சமூகம் என்ற தாளில். சிங்கப்பூர் மாப்பிள்ளை மக்கள்தொகை, இடப்பெயர்வுப் பாடத்துக்குப் போவார். மண்டபம் நகரத்தில், பூர்வீகம் கிராமத்தில் என்றால் ஊரகச் சமூகவியலும் நகரச் சமூகவியலும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தாளின் பெயரும் செமஸ்டரும் கொஞ்சம் மாறும். அந்த வருடத்துப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. போன வருடத் தாளைச் சொல்லிவிட்டு, சேர்ந்த பிறகு அது இல்லை என்றால் பிள்ளைகள் சுலபத்தில் மறக்கமாட்டார்கள்.

கசப்பானதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சமூகச் சிந்தனையாளர்கள் தாள் கனமானது. டர்கைம், வெபர், மார்க்ஸ் மூவரையும் இரண்டு பக்க நோட்ஸை மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம் என்று நினைத்தால் அரியர் உறுதி. தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு நல்ல பாடப்புத்தகங்கள் குறைவு. ஆசிரியரின் குறிப்பையும் நூலகத்தையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும். அப்புறம் புள்ளியியல். "கணக்கு வராதுன்னுதான் மேடம் இந்தப் பக்கம் வரேன்" என்று சொல்கிற பிள்ளையிடம், சராசரியும் இடைநிலையும் சதவீதமும் இங்கேயும் விடாது என்று சேரும் முன்பே சொல்வதுதான் மரியாதை. சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடும். பயப்படாதே, கால்குலஸ் கிடையாது என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

எண் என்றால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். நேரம் மிச்சம் இருந்தால் மட்டும். "வீட்டுல வேலைக்குப் போகாம சும்மா இருக்கிறவங்க யாரு?" என்று கேட்பேன். பெரும்பாலும் "அம்மா", "பாட்டி" என்று வரும். சரி, பாட்டி நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தார், மணிவாரியாக எழுது என்பேன். ஒரு பையன் எழுதியது இது: நாலரைக்கு வாசல் தெளித்தது, மாட்டுக்குத் தண்ணீர், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனது, தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, ரேஷன் கடை வரிசை. மத்தியானம் வரைக்கும் எழுதிவிட்டு அவனே நிறுத்தி, "சும்மா இல்ல மேடம்" என்றான். அதற்குப் பிறகு 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்வேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிஷம், ஆண்கள் 97. அந்த இரண்டு எண்களையும் போர்டில் எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பேன். புள்ளியியல் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை.

களஆய்வைப் பற்றிச் சொல்லும்போது ஊர்க்கதை ஒன்று கைகொடுக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி என்று அதில் வரும் ஊர்களுக்கு 1930-களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். "உங்க தாத்தாவோட தாத்தா காலத்துக் கணக்கு ஒண்ணு இருக்கு, அதை வச்சு இன்னைக்கு இருக்கிற ஊரை ஒப்பிடலாம்" என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எங்கள் மூன்றாம் வருட ப்ராஜெக்ட் அவ்வளவு பெரிதல்ல. ஒரு தெரு, ஒரு சுயஉதவிக் குழு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் கேள்விப் பட்டியல் தயார் செய்வது, வீட்டு வாசலில் நின்று கேட்பது, பதில் சொல்ல மறுப்பவரிடம் சண்டை போடாமல் திரும்புவது எல்லாம் அதில் வந்துவிடும்.

பிள்ளைகளிடம் இவ்வளவும் பேசி முடித்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி அப்பா அம்மாவிடம். அவர்களுக்குப் பத்திரிகையும் வேண்டாம், பாட்டியும் வேண்டாம். "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும் மேடம்?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்கிறவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

நான் சொல்லும் பதில் ஏறக்குறைய இதுதான். பி.ஏ. சமூகவியலுக்கென்று தனியாக ஒதுக்கிய அரசு வேலைகள் மிகக் குறைவு. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2-வில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், அதில் இதுவும் ஒன்று. யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப்பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் எம்.ஏ., அப்புறம் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. பள்ளி ஆசிரியர் ஆகத்தான் ஆசை என்று பிள்ளை சொன்னால், பள்ளியில் இந்தப் பாடம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அந்த வருடத்துப் பி.எட். சேர்க்கைக் கையேட்டைக் காட்டுவேன். பல சமயம் தமிழ், ஆங்கிலம், வரலாறு பக்கம் நானே அனுப்பியிருக்கிறேன். மருத்துவமனை, குழந்தைகள் நலம், தொண்டு நிறுவனம் என்று ஆர்வம் இருந்தால் இதற்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படிக்க வேண்டியிருக்கும், அது வேறு படிப்பு. கணக்கெடுப்பு நிறுவனங்களில் களப்பணியாளர் வேலை உடனே கிடைக்கும், ஆனால் சம்பளம் சொற்பம், அலைச்சல் அதிகம். "ஐஏஎஸ் ஆகலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற பேச்சு எனக்கு ஒப்பாது. ஆகிறவர்கள் ஆகிறார்கள், எங்கள் மேஜைக்கு வருகிற பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பட்டம் முடித்த முதல் வருடத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இது பல அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கிறது, பல அப்பாக்களுக்குத் தெரிவதில்லை. தமிழ்வழியா ஆங்கிலவழியா என்ற குழப்பத்துக்கும் பணத்துக்கும் சம்பந்தம் உண்டு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் முடித்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வந்த பிள்ளை, "இங்கிலீஷ் மீடியம் கௌரவம்" என்று கல்லூரியில் மாற்றிக்கொண்டால் பட்டத் தகுதி கேட்கும் பதவிகளில் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். இதைப் படிவம் நிரப்பும் முன் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் பிரயோஜனமில்லை.

என்னை விட நன்றாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் எங்கள் இரண்டாம் வருடப் பிள்ளைகள். அதே பள்ளியில் படித்த, அதே டவுன் பஸ்ஸில் வருகிற அக்காவோ அண்ணனோ வந்து நின்றால் கேள்விகளே வேறு மாதிரி வரும். ராகிங் இருக்கா, இன்டர்னல் மார்க் எப்படிப் போடுவாங்க, புரொஃபசர் திட்டுவாங்களா, இங்கிலீஷ் தாள் கஷ்டமா, பஸ் கூட்டமா இருக்குமா. இதெல்லாம் என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள். சீனியர்களை அழைத்துப் போகும்போது என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதில்லை. நான் அறைக்கு வெளியே போய்விடுவேன். என்னைப் பற்றியும் ஏதோ சொல்கிறார்கள், கதவு மூடியிருந்தாலும் சிரிப்புக் கேட்கும். இருக்கட்டும்.

நேரம் பற்றி ஒரு விஷயம். பிப்ரவரியில் பேசியது மே மாதம் ரிசல்ட் வரும்போது பாதி மறந்திருக்கும். அந்த வாரத்தில் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரும் பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வதுதான் முடிவாகும். அதனால் வகுப்பாசிரியரிடம் துறையின் தொலைபேசி எண்ணையும் ஒரு பக்கத் தாளையும் கொடுத்து வைக்கிறேன். அதில் பாடத்தாள்களின் பெயர், சேர்க்கை இடங்கள், தேவையான சான்றிதழ்கள், இணைய விண்ணப்பத்தில் பாட விருப்ப வரிசையை எப்படிப் போடுவது என்பது மட்டும் இருக்கும். பி.காம், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் கடைசியில் எங்களிடம் வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களையும் முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும். வேண்டாவெறுப்பாக வந்து, ப்ராஜெக்ட் சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்த பிறகு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் எங்கள் துறையில் உண்டு.

எல்லாம் கேட்டுவிட்டு "பி.காம்தான் மேடம்" என்று சொல்கிற பிள்ளைகளிடமும் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதல் வருடத்தில் வேறு துறைத் தாள் ஒன்றை எடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியல் ஒட்டும் நாளில் எங்கள் துறைப் பெயரையும் ஒரு தடவை பார் என்பேன். அப்படி ஒரு தாளுக்கு வந்து உட்கார்ந்தவர்களில் சிலர், பி.காம் முடித்ததும் எம்.ஏ. சமூகவியல் விண்ணப்பத்தோடு வந்து நின்றிருக்கிறார்கள். பல கல்லூரிகளில் அதற்கு எந்தப் பட்டமும் போதும்.